ஆறு வாரக் கஞ்சி

அடுக்களை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மடியில் ஒளித்திருந்த சீசாவை எடுத்தாள் அகிலாண்டேஸ்வரி. மாமனார் குடிக்கவேண்டிய கஞ்சியில் இரண்டு கரண்டி ஊற்றினாள்.

"யாருக்காவது தெரிஞ்சா என் கதி அவ்வளவுதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே கலக்கினாள்.

மாமனார் முத்துக்குமாரசாமி பிள்ளை, முப்பத்தெட்டாம் வருஷத்துச் சாரலில் குற்றாலம் பெரிய அருவிக்குப் போய், பாசி வழுக்கி விழுந்து தாடையை முறித்துக்கொண்டவர். தென்காசி டாக்டர் ஞானதுரை மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார். ஆறு வாரத்துக்குப் பேச்சு சிலேட்டில். சாப்பாடு பப்பாளி இலைத் தண்டு வழியாக.

"வெறும் கஞ்சி காணாதும்மா. மீன் எண்ணெய் குடுத்தாத்தான் எலும்பு ஒழுங்காக் கூடும். இல்லன்னா தாடை கோணிக்கிடும்" என்று டாக்டர் மருமகளைத் தனியே அழைத்துச் சொல்லி, சீசாவையும் கையில் கொடுத்திருந்தார்.

மீன் எண்ணெய் என்று சொல்லி அதை எப்படிக் கொடுப்பது? அடுக்களைக்குள் கோழி நுழைந்துவிட்டது என்று ஏழு பானைகளைத் தெருவில் போட்டு உடைத்த சுத்த சைவர் பிள்ளை. மாமியார் பார்வதியம்மாளோ, மீன் விற்கிற குரல் கேட்டாலே ஜன்னலைச் சாத்துகிறவள்.

கஞ்சி வாடை வீட்டையே தூக்கியது.

"என்னட்டி இது?" என்றாள் பார்வதியம்மாள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"மலைத் தைலம், அத்தை. செங்கோட்டை வைத்தியர் குடுத்தது."

பிள்ளை தண்டை உறிஞ்சினார். கண்ணை மூடினார். சிலேட்டை இழுத்து எழுதினார்: 'இன்னும் ஒரு கரண்டி.'

அகிலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நாலே வாரத்தில் பிள்ளையின் கன்னம் பளபளத்தது. சட்டைப் பித்தான் இரண்டு தெறித்தன. விசாரிக்க வந்தவர்கள், "வெறும் கஞ்சியிலயா இப்படி?" என்று வாயைப் பிளந்தார்கள். பார்வதியம்மாள் ஏனோ அவசரமாகப் பேச்சை மாற்றினாள்.

ஆறாம் வாரம் வீட்டுக்கே வந்து கம்பியை வெட்டிய டாக்டர், தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துத் துள்ளினார்.

"கல்லு மாதிரி கூடிட்டு, அண்ணாச்சி! எல்லாம் உங்க மருமக குடுத்த மீன் எண்ணெய்தான்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அகிலா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "மாமா, மன்னிச்சிருங்க. தாடை கோணிரக் கூடாதேன்னுதான்..."

பிள்ளையின் முகம் சிவந்தது. பார்வதியம்மாள் பாய்ந்து வந்து குறுக்கே நின்றாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீய! உங்க பால்ல தினமும் ரெண்டு முட்டை அடிச்சுக் கலந்தது நாந்தான்!"

"அத்தை! நீங்களா?"

"பின்ன? டாக்டர் என்னையும்லா தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு!"

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை எழுந்து நின்றதும் அடங்கிற்று. டாக்டர் மெல்லத் தன் பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்.

ஆறு வாரமாகப் பூட்டிக் கிடந்த வாயைப் பிள்ளை திறந்தார்.

"இனிமே எண்ணெய் வேண்டாம், டாக்டர். வழக்கம்போல சுரண்டைச் சந்தையில மீனாவே தின்னுக்கிடுதேன்."