டிவி கேட்ட நம்பர்

“பாதிக் காசு குடுங்கண்ணே, போதும். பாக்ஸக் கழட்டச் சொல்லாதீங்க” என்று கெஞ்சினார் கேபிள்காரர் நாகராசு.

“நீ சும்மா குடுத்தாலும் வேணாம்ப்பா. இப்ப எல்லாமே நெட்டுல வருது. கேபிளுக்குக் காசு கட்டுறது தண்டம்” என்றார் பிச்சைமுத்து.

கீரமங்கலத்தில் பூ கமிஷன் கடை வைத்திருப்பவர். கிலோ மல்லிகைக்கு ஒரு ரூபாய் விட்டுக்கொடுப்பதற்குள் எதிராளிக்குத் தொண்டை வறண்டுவிடும். அவரிடம் நாகராசு என்ன பேசி ஜெயிப்பது? பாக்ஸைக் கழற்றி, வயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மனைவி மணிமேகலை பிடித்துக்கொண்டார்.

“எட்டு மணி சீரியலுக்கு நான் எங்க போவேன்?”

“அதுவும் நெட்டுல வரும்.”

“நெட்டு மட்டும் சும்மாவா வருது? யாரு காசு கட்டுறா?”

“மாப்பிள்ளைதான். இந்த டிவிய வாங்கிக் குடுத்தப்பவே அவரு கணக்குல பாத்துக்கங்கன்னு சொன்னாருல்ல?”

மணிமேகலைக்குப் பகீரென்றது. மாப்பிள்ளை குவைத்தில் இருக்கிறார். அவர் கணக்கை இந்த டிவியில் திறக்க வேண்டுமானால், அறந்தாங்கியில் இருக்கும் மகள் சரண்யாவின் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை அவளிடம் கேட்டு வாங்கித்தான் போட வேண்டும். அந்தச் சரண்யாவோடுதான் மனுஷன் மூன்று மாதமாகப் பேசுவதே இல்லையே!

எல்லாம் பேரன் காதுகுத்தில் வந்த வினை. மண்டப வாசலில் வைத்த பிளெக்ஸில் சம்பந்தி படம் பளிச்சென்று இருந்தது. பிச்சைமுத்து படமும் இருந்தது. ஆனால் வாழைமரம் கட்டிய புண்ணியவான் சரியாக அவர் முகத்துக்கு முன்னால் கட்டித் தொலைத்துவிட்டான். மீசையின் ஒரு முனை மட்டும் இலைக்கு வெளியே தெரிந்தது.

“வேணும்னே மறைச்சிட்டாங்க!”

சரண்யா ஓடிவந்து கையைப் பிடித்தாள். உதறிவிட்டார். பந்தியில் கை நனைக்காமல் பஸ் ஏறியவர், “இனிமே அவகூட ஒரு வார்த்தை பேச மாட்டேன். மாரியாத்தா மேல சத்தியம்” என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவள் போன் போட்டால் எடுப்பதும் கிடையாது.

அப்படிப்பட்டவர் அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு, தானே மகளுக்குப் போன் போட்டார்.

“டிவி நம்பர் கேக்குது.”

அவ்வளவுதான். எப்படி இருக்கே, சாப்பிட்டியா, ஒன்றும் கிடையாது. அவள் நாலு நம்பர் சொன்னாள். ரிமோட்டை அமுக்கிக்கொண்டே வைத்துவிட்டார்.

“சத்தியம் என்னாச்சு?” என்றார் மணிமேகலை.

“இது பேச்சா? நம்பர்தான கேட்டேன்.”

மறுநாளும் ஏழு மணிக்கு அதே கதை. அதற்கு மறுநாளும்.

“தினமுமா கேக்கும் இந்தச் சனியன்?”

“பாதுகாப்பான டிவி. அப்பிடித்தான் கேக்கும். ஒனக்கு என்ன தெரியும்?”

“மக வேணாம். மக வீட்டுக் காசுல ஓடுற டிவி மட்டும் வேணும். வெக்கமா இல்லயா ஒங்களுக்கு? சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாங்க?”

“வாழமரத்த வச்சு மறைக்கிறப்ப அவங்களுக்கு இருந்துச்சா வெக்கம்?”

மணிமேகலை இன்றைக்கோ நாளைக்கோ கோபம் தணிந்து அப்பனும் மகளும் சேர்ந்துவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். இந்தக் கஞ்சத்தனத்தைப் பார்த்துச் சரண்யாவும் வெறுத்துப்போய், ‘நீங்களும் வேணாம், ஒங்க ஒறவும் வேணாம்’ என்று ஒரேயடியாகத் தலைமுழுகிவிட்டால்?

நாளாக நாளாகப் பிச்சைமுத்துவின் அக்கிரமம் கூடியது.

“ரெண்டா, ஏழா? காதுல விழல, திரும்பச் சொல்லு... அங்கிட்டு என்ன சத்தம்? புள்ள அழுகுறானா? சளியா? தூதுவளை வச்சுக் குடுக்க வேண்டியதுதான... சரி, முதல்லருந்து சொல்லு.”

போனை வைத்துவிட்டு மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

“புள்ளைய அழவிட்டுக்கிட்டு நம்பர் சொன்னா எனக்கு எப்பிடிக் கேக்கும்?”

இதற்கு மேல் பொறுப்பதில்லை என்று ஒரு நாள் மணிமேகலை முடிவு கட்டினார். ஏழு மணிக்குக் கணவர் குரல் கேட்டதும், போனைப் பிடுங்கிவிடுவது என்று அடுப்படியிலிருந்து விறுவிறுவென வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் படம் முடிந்திருக்கும். சத்தத்தை மட்டும் சுத்தமாகக் குறைத்து வைத்திருந்தார். கதாநாயகன் அடிக்க அடிக்க, பத்துப் பேர் சத்தமே இல்லாமல் பறந்துகொண்டிருந்தார்கள். பிச்சைமுத்து அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

“இன்னும் உள்ள போகல. நம்பர் கேட்டுக்கிட்டேதான் நிக்குது. அவசரமில்ல, நீ மெதுவாவே சொல்லு.”

மணிமேகலைக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது. மூச்சுக் காட்டாமல் அடுப்படிக்குத் திரும்பினார். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, கொல்லைப் பக்கம் போய் மகளுக்குப் போன் போட்டார்.

“ஆத்தா சரண்யா, ஒங்கப்பா காச மிச்சம் புடிக்கல. டிவி நம்பரே கேக்கல, படம் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு. ஒங்கொரலக் கேக்கத்தான் இந்தக் கூத்தெல்லாம் பண்றாரு!”

அந்தப் பக்கம் சரண்யா மூக்கை உறிஞ்சினாள்.

“தெரியும்மா. மொத நாளுக்கு அப்புறம் என் போனுக்கு எந்த நம்பரும் வரல. நாந்தான் தினமும் வாய்க்கு வந்த நாலு நம்பரச் சொல்லிக்கிட்டிருக்கேன்.”