நானே செய்த சோபா

போச்சு, மானம் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

என் தங்கச்சி கேஷானியைப் பெண் கேட்டு இளையதம்பி ஐயாவும் சரோஜினி அம்மாவும் பதுளையிலிருந்து வந்து, எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பதுளையில் இருந்தாலும் யாழ்ப்பாணத்து ஆட்கள். மகன் மதுசூதனன், கேஷானி படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலேயே கணக்கு வாத்தியார். அந்த நேரம் பார்த்து எங்கம்மா மரியகொரட்டி குசினி அடுப்படியிலிருந்து வேகமாக வந்து, சோபா ஓரத்தில், வெறும் சீமெந்துத் தரையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் இரண்டு கதிரை சும்மா கிடக்கிறது!

அதுவும் எப்பேர்ப்பட்ட சோபா? நானே செய்தது.

பெரகலயில் புஹாரி நானாவின் பழைய சாமான் கடையில் ஒரு உடைந்த கட்டில் வாங்கினேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அதை நடுவில் அறுத்து, தலைமாட்டுப் பலகையைச் சாய்மானமாக்கி, மேலே மெத்தை போட்டேன். ஒரு கால் உளுத்துப் போயிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு பழைய மேசைக் காலை கம் பூசி ஒட்டினேன்.

"ரெண்டு ஆணியும் அடிங்களேன்" என்றாள் என் மனைவி நிலக்ஷனா.

"ஆணி தெரிஞ்சா அழகு கெட்டுரும். ரெண்டு நாள் வெயில்ல காய வச்சா கல்லு மாதிரி பிடிச்சுக்கும்னு வீடியோல சொல்றான்."

"அவன் சொல்ற வெயிலு அப்புத்தளையில எங்கங்க இருக்கு?"

ஒரு வாரமாகப் பனிமூட்டம்தான். ஆனாலும் கலைஞனுக்கு வீட்டில் மதிப்பில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

"இது ஆர் செய்தது? நல்ல வடிவா இருக்கு" என்று சரோஜினி அம்மா கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நாந்தாங்க. பழைய துரை பங்களாக் கட்டிலுங்க அது."

புஹாரி நானா துரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது என் வாயில் தானாக வந்தது.

இளையதம்பி ஐயா நல்ல கனத்த மனிதர். சோபாவின் மூலையில் இருந்தபடி ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தார். அப்போதுதான் அம்மா வந்து தரையில் உட்கார்ந்தது.

"அம்மா, மேல ஒக்காருங்க" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. இதான் எனக்கு சொகம்."

கண்ணைக் காட்டினேன். பல்லைக் கடித்தேன். ம்ஹூம்.

இதற்குத்தான் பயந்தேன். அவர்கள் வாசலுக்கு வரும்போதே அம்மா, "தம்பி, ஒரு விசயம்…" என்று என் பின்னால் வந்தார். "எதுவா இருந்தாலும் அவங்க போன பொறகு சொல்லுங்க. தயவு செஞ்சு தேயிலைத் தோட்டத்து லயத்துப் பழக்கத்த மட்டும் காட்டிராதீங்க" என்று அடக்கி வைத்திருந்தேன்.

எப்படியாவது கிளப்பிவிடலாம் என்று, "அம்மா, உள்ள போயி பிஸ்கட்ட எடுத்துட்டு வாங்களேன்" என்றேன்.

"நீயே போயி எடுத்துட்டு வாப்பா."

வந்தவர்கள் முன்னால் எனக்கு வேலை! எடுத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா முதுகைச் சோபாக் காலில் அழுத்திச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, அசையாமல் இருந்தார். அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்திருந்தது. பெரிய ஆட்களைக் கண்ட பயம் என்று நினைத்தேன்.

"ஏனம்மா நிலத்தில இருக்கிறியள்?" என்றார் சரோஜினி அம்மா.

"பழகிப் போச்சுங்க. கொஸ்லந்த தோட்டத்துல முப்பத்திரண்டு வருசம் கொழுந்து பறிச்சேன்."

தோட்டம் என்ற சொல் வராமல் பேச நான் மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் பாழ்.

ஆனால் சரோஜினி அம்மா எழுந்து போய் அம்மாவுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். மழை, முழங்கால் வலி, மீன் விலை என்று இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். புறப்படும்போது என்னிடம், "உங்கட துரை பங்களாக் கதையைக் கேக்க, பெரிய எடுப்பான ஆக்களோ எண்டு எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்தது தம்பி. அம்மாவோட கதைச்ச பிறகுதான் மனம் ஆறிச்சு. நல்ல நாளாப் பாருங்கோ" என்றார்.

சம்பந்தம் முடிந்தது. என் கோபம் முடியவில்லை. அம்மா அவர்களை வழியனுப்பக்கூட எழும்பவில்லை! இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டார்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தால், அப்போதும் அங்கேயேதான், மரத்துப்போன காலைத் தடவிக்கொண்டு இருக்கிறார்.

"ஏம்மா, வாசல் வரைக்கும் வரணும்னுகூடத் தெரியாதா? லயத்த விட்டு வந்து பத்து வருசமாச்சு. இன்னும் அந்தப் புத்தி போகலியே!" என்று கத்திவிட்டு, இளையதம்பி ஐயா இருந்த அதே மூலையில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

"தம்பி, அதுல ஒக்காராத…"

"நீங்க ஒண்ணும் பேச வேணாம். மொதல்ல எழும்புங்க!"

"சரிப்பா" என்று அம்மா கையை ஊன்றி எழும்பினார்.

மேசைக் கால் சாய்ந்து உருண்டது. சோபா அந்தப் பக்கமாகச் சரிந்தது. நான் தரையில் கிடந்தேன், அம்மா உட்கார்ந்திருந்த அதே இடத்தில்.

"காலையில கூட்டுறப்பவே கழண்டு கையோட வந்துருச்சுப்பா. நிமித்தி வச்சிட்டு, அதத்தான் சொல்ல வந்தேன்."

எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அம்மா முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"அந்தப் பெரியவரு மூணு கூடைக் கொழுந்து கனம் இருப்பாருடா."