கழுவாத பால் கவர்

பிளாஸ்டிக் குப்பை சேகரிக்கும் தள்ளுவண்டியை நிறுத்தியவள், வாசலில் நீட்டிய பையைத் திறந்து பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"பால் கவரைக் கழுவாம போட்டிருக்கீங்க. எடுக்க மாட்டேன்."

"இன்னைக்கு ஒரு நாள் எடுத்துக்கம்மா" என்றார் வாசலில் நின்றவர்.

"ஒரு கவர் நாறினா மூட்டையே வீணாப்போகும். மறுபடி உருக்க முடியாது. இதை நம்பித்தான் இந்தத் தெருப் பொம்பளைங்க பத்துப் பேர் பொழைக்கிறோம்."

கூட வந்தவள் அவள் முழங்கையை இடித்தாள். "விடுக்கா, பாவம். தெருவே பார்க்குது."

"நல்லாப் பார்க்கட்டும்."

வாசலுக்கு வாசல் பையோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். கவரைக் கழுவியவர்களாக ஒருவரும் தெரியவில்லை.

அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். கவர்களைக் கழுவி, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து நீட்டினார். அதற்குள் பக்கத்து வீட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்து எதிர் வீட்டில்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "கட்டின புருஷனையே இப்படி நடுத்தெருவுல நிறுத்துறியே?"

"உங்களை விட்டுட்டா மத்தவங்களை எந்த வாயால கேட்பேன்?" அவள் வண்டியைத் தள்ளினாள். "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். சாப்பிட்டுட்டு, தட்டையும் கழுவி வெச்சிடுங்க."