ஞாயிறு மட்டும் தட்டாத கார்

வாரண்டியில் புது இன்ஜின் மாட்டிய பிறகும் ஃபோல்க்மாரின் ஸ்போர்ட்ஸ் கார் 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டே இருந்தது. ஞாயிறு மட்டும் மூச்சுக் காட்டாது.

"நம்ம உல்ம் ஊர்ல ஞாயித்துக்கிழமை சத்தம் போடக் கூடாதுன்னு சட்டம்; ஒரு ஆணி அடிச்சாப் போதும், பக்கத்து வீட்டுக்காரன் போலீஸக் கூப்பிட்டுருவான். உங்க வண்டிக்கும் அந்தப் பயம் இருக்கு சார்," என்றாள் மெக்கானிக் கெர்லிண்டே.

"நக்கலா? நாளையோட வாரண்டி முடியுதும்மா!"

வேறு வழியில்லாமல் மறுநாள் ஞாயிறன்று, ஒர்க்‌ஷாப் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் இன்ஜினைக் கழற்றி வெளியே எடுத்தார்கள். பழுது எதுவும் அகப்படவில்லை.

ஆத்திரம் தாளாமல் ஃபோல்க்மார் சுத்தியலை எடுத்து, இன்ஜின் இருந்த காலிப் பள்ளத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"உஷ்ஷ்!" என்றது பள்ளம்.

கெர்லிண்டே சுத்தியலைப் பிடுங்கிவிட்டு, பள்ளத்துக்குள் குனிந்து, "மன்னிச்சுக்குங்க," என்றாள், தணிந்த குரலில்.