நேற்று என் தட்டில்

முதலில் மகளின் தட்டைத்தான் தேடினாள்.

ஒன்றாம் வகுப்புச் சுவர் முழுக்கக் காகிதத் தட்டுகள் தொங்கின. நேற்று வீட்டில் சாப்பிட்டதைப் பிள்ளைகள் ஒட்டியிருந்தார்கள். சோற்றுக்குப் பஞ்சு. பருப்புக்கு மஞ்சள் நூல். கீரைக்குப் பச்சைத் துணி.

ஊட்டச்சத்து வாரமாம். பெற்றோர் வந்து பார்க்க வேண்டுமாம்.

அடுத்தவர் அடுப்பில் என்ன வேகிறது என்பது பள்ளிக்கூடத்துக்கு எதற்கு? யார் சொல்லிக் கேட்கிறார்கள்?

மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரரின் பேரன் பிரணவும் இதே வகுப்பு.

வீடு பார்க்கப் போன அன்று வீட்டுக்காரர் கேட்டது ஒன்றுதான். சைவம்தானே? அவள் கணவன் தலையாட்டினான். உண்மையைச் சொன்ன இடங்களில் எல்லாம் வீடு கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து மீன் கீரைக்கட்டுக்கு அடியில் ஒளிந்து வந்தது. ஜன்னலைச் சாத்தி, ஊதுவத்தி கொளுத்திவிட்டுத்தான் குழம்பு கொதித்தது. யார் கேட்டாலும் கத்திரிக்காய் என்று சொல்ல மகளைப் பழக்கியிருந்தாள்.

தட்டு கிடைத்தது. பஞ்சுக்குப் பக்கத்தில் ஊதாத் துணி. கத்திரிக்காய்.

மூச்சு வந்தது.

"உங்க பருதி நல்லாப் பேசுறா," என்றபடி டீச்சர் வந்தார். "கத்திரிக்காயில முள்ளு இருக்குமாம். அம்மா எடுத்துட்டுத்தான் ஊட்டுவாங்களாம்."

சிரித்துவிட்டு அடுத்தவர்களிடம் போய்விட்டார்.

பக்கத்தில் பிரணவின் அம்மா சுகந்தி. வீட்டுக்காரரின் மருமகள். காதில் விழாமலா இருந்திருக்கும்?

சுகந்தி தன் மகனின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் பஞ்சு.

"இவனுக்கு ரத்தம் பத்தலைங்கிறார் டாக்டர்." குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்குச் சாயங்காலம் உங்க வீட்டுல சாப்பிடட்டுமா? மாமா ஊர்ல இல்லை."

அவள் அந்த முகத்தில் துழாவினாள். உண்மையாகவே கேட்கிறாளா? வேவு பார்க்கிறாளா?

மறுநாள் பிரணவ் வந்து பருதியின் அருகில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். சமையலறைப் பக்கமே பார்த்தான்.

அவள் ரசமும் பீன்ஸ் பொரியலும் வைத்தாள்.

பருதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒரு முறைப்பில் அடங்கினாள்.

பிரணவ் பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டான்.

அழைத்துப்போக வந்த சுகந்தி வாசலிலேயே நின்றாள். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்தாள். பிறகு மகனின் தட்டைப் பார்த்தாள். ரசம். பீன்ஸ்.

"பரவாயில்லைங்க," என்றாள்.

பையனின் கையைப் பிடித்துக்கொண்டு மாடியேறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

காலடிச் சத்தம் ஓய்ந்தது. மேலே கதவு சாத்தப்பட்டது.

அவள் சமையலறைக்குப் போனாள். அரிசி டின்னுக்குப் பின்னால் கைவிட்டுச் சட்டியை வெளியே எடுத்தாள்.

பையனுக்கென்று காரம் குறைத்து வைத்த குழம்பு.

சட்டி இன்னும் சுட்டது.