விண்வெளிக்குப் போய் வந்த வாட்சு

"வாட்சு வெறும் உடம்பு, முசியே. உசுரு அந்த லெட்டர்லதான் இருக்கு. தூக்கினவன் ஒரு நாள் அதைத் தேடி உங்க வாசலுக்கே வருவான்."

"வந்து?"

"லெட்டரைக் கேப்பான். கேக்கறது யாரோ, அவங்கதான் திருடன். அதுவரைக்கும் வாயைத் தெறக்காதீங்க. வீட்லகூட சொல்லாதீங்க."

"வீட்லயா? வசந்தாகிட்ட சொன்னா முத்தியால்பேட்டை முழுக்கச் சொன்ன மாதிரி, பாய்."

எட்டு மாதத்துக்கு முன், நேரு வீதியில் சிராஜுதீனின் வாட்சுக் கடையில் நடந்த பேச்சு இது. பாரிசில் அண்ணன் வீட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்ததற்காக முசியே என்று பிரெஞ்சுக்கார மரியாதைப் பட்டம் வாங்கிய ராமலிங்கம், அந்தப் பேச்சைத் தினமும் ஒரு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வார்.

திருட்டுப் போனது சாதாரண வாட்சு அல்ல. எழுபதுகளில் பதினெட்டு நாள் பூமியைச் சுற்றிய ஒரு ரஷ்ய விண்வெளி வீரரின் கையில் இருந்தது. முகம் மஞ்சளடித்து, நாலு மணிக்குப் பக்கத்தில் கண்ணாடியில் ஒரு கீறல். அது விண்கலத்தின் கதவு இடித்த கீறல் என்று எழுதி, வாட்சின் நம்பரையும் குறித்து, வீரரே கையெழுத்துப் போட்ட கடிதம்தான் அதற்கு ஜாதகம். கடிதம் இருந்தால் வாட்சை விற்று ஒரு வீடு வாங்கலாம். இல்லாவிட்டால் வீடு பெருக்குகிற அம்மாவுக்குத் தீபாவளி இனாமாகக் கொடுக்கலாம்.

ஓர் ஆயுத பூஜைக்கு வசந்தா விபூதியும் துணியுமாக அதைத் துலக்க வந்தபோது ராமலிங்கம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது.

"அந்தக் கீறலுக்குத்தான்டி மதிப்பே."

அதை வாங்க அவர் விற்றது, அரியாங்குப்பத்தில் வசந்தாவின் அப்பா கொடுத்த மனை. பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது, "இது நம்ம பொண்ணு சரிதா கல்யாணத்துக்குன்னு எங்கப்பா குடுத்தது" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அதற்குப் பிறகு எட்டு வருடமாக மூச்சு விட்டதில்லை. என் பெண்டாட்டி தங்கம் என்று ராமலிங்கம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாசி மகத்தன்று குடும்பமே வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமி பார்க்கப் போனது. திரும்பி வந்தால் ஹாலில் கண்ணாடிப் பெட்டி காலி. கதவுப் பூட்டு உடையவில்லை. பூட்டிவிட்டுக் கடைசியாக ஆட்டோவில் ஏறியவள் வசந்தா. எந்தப் பூட்டையும் இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறவள். போலீசுக்கும் போக முடியாது. அண்ணன் பாரிசிலிருந்து சாக்சுக்குள் சுருட்டிக் கொண்டு வந்த சாமானுக்கு பில் எங்கே என்பார்கள்.

கடிதம் மட்டும் பிழைத்தது. அது பீரோ லாக்கரில் இருந்தது. லாக்கர் சாவி ராமலிங்கத்தின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

"குளிக்கும்போதாவது கழட்டி வையுங்களேன். துருப்பிடிச்சிப் புண்ணாயிடப் போவுது" என்று வசந்தா அக்கறையாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை.

திருடன் யார் என்பதில் ராமலிங்கத்துக்குச் சந்தேகமே இல்லை. வெற்றிச்செல்வன். சேதராப்பட்டில் ஒரு ஃபேக்டரியில் இன்ஜினீயர். பழைய வாட்சு சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் அறிமுகமாகி, மாசி மகத்துக்கு முதல் நாள் வீட்டுக்கே வந்து வாட்சைப் பதினாலு போட்டோ எடுத்தவன். திருட்டுக்குப் பிறகு ஞாயிறு தவறாமல் துக்கம் விசாரிக்க வருகிறான். காலிப் பெட்டியைப் பார்ப்பான். உள் அறைக் கதவைப் பார்ப்பான். "அங்கிள், ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு…" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துவான். வசந்தா வைத்த வடையைத் தின்றுவிட்டுப் போய்விடுவான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ராமலிங்கம் தயாராக இருந்தார். சாட்சிக்கு சிராஜுதீனை வரவழைத்திருந்தார். அவரும் கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து மடியில் வைத்து ரிப்பேர் பார்த்தார்.

"அங்கிள், ரொம்ப நாளா ஒண்ணு…"

"கேளு. இன்னிக்குக் கேக்காம நீ எந்திரிக்கக் கூடாது."

வெற்றிச்செல்வன் வேர்த்துப் போனான். "தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வீட்ல நீங்க ரொம்பப் பத்திரமா வெச்சிருக்கறது…"

சிராஜுதீனின் ஸ்க்ரூ டிரைவர் நின்றது. ராமலிங்கத்தின் கை தானாக இடுப்புக்குப் போனது.

"சொல்லு."

"சரிதாவை எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?"

லென்ஸ் கழன்று கடிகாரத்துக்குள் விழுந்தது.

"வேற எதுவும் வேணாமா?" என்றார் ராமலிங்கம்.

"வேணாம் அங்கிள்."

"பேப்பர் கீப்பர்?"

"என்ன பேப்பர்?"

உள் அறைக் கதவுக்குப் பின்னால் சரிதா சிரிக்கிற சத்தம் கேட்டது. ராமலிங்கத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. வலை விரித்துக் காத்திருந்ததில் மாட்டியது மாப்பிள்ளை.

"இதைக் கேக்கவாடா எட்டு மாசம் வடை தின்ன? அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா."

சிராஜுதீன் குனிந்து அவர் காதைக் கடித்தார். "பையன் சுத்தம், முசியே. நம்ம ஆளு வேற எவனோ. பொறுமையா இருங்க, கேப்பான்."

வசந்தா கேசரியோடு வந்தாள். எப்போது கிளறினாளோ, சூடாக இருந்தது. தட்டை வெற்றிச்செல்வன் கையில் கொடுத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, எட்டு வருடத்தில் முதல் முறையாகக் கணவனுக்குப் பக்கத்தில் சோபாவில் வந்து உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளைக்கு வாட்சு போடறதை நான் பாத்துக்கறேன்" என்றாள். "நீங்க அந்த லெட்டரை மட்டும் எடுத்துக் குடுங்க."