கருங்கோட்டை வரைபடம்

"ஒரு படம் வரைய இம்புட்டு நாளாடா? நீயெல்லாம் ஓவியனா?"

நெல்பேட்டைச் சந்தில் இருந்த அந்த மாடிவீட்டுப் படியில் ஏறும்போதே சித்தார்த் கத்த ஆரம்பித்துவிட்டான்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. பகடையை உருட்டி, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, வாய்ப்பேச்சிலேயே கதையை நகர்த்தும் ஆட்டம் ஒன்று உண்டு. அதை ஆடுகிறவர்களுக்காக ஒரு கற்பனை நாட்டையே சித்தார்த் எழுதி முடித்திருந்தான். அதன் ஊர்கள், சனங்கள், பேய் பிசாசுகள் எல்லாம் சேர்த்து முழுப் புத்தகம். அதில் முக்கியமான நகரம் கருங்கோட்டை. அதன் வரைபடத்தை அசாருதீன் கொடுத்துவிட்டால் புத்தகம் அச்சுக்குப் போய்விடும். அவனோ போனையே எடுப்பதில்லை.

பாதிப் படியில் சித்தார்த்தின் போன் அடித்தது. புரோக்கர் மொக்கையன்.

"தம்பி, நேத்து வீடு கேட்டு வந்த பார்ட்டிய நீங்க சொன்ன மாதிரியே சொல்லி அனுப்பிட்டேன்."

"சரிண்ணே. பெறகு பேசுறேன்."

அசாருதீன்தான் கதவைத் திறந்தான். தூங்காத முகம். உள்ளே கட்டிலில் அவன் அம்மா அஜ்மல் பீவி கால் வீங்கிப் படுத்திருந்தார்.

"வா தம்பி. அசாரு, தம்பிக்கு டீ போடுத்தா."

அந்த நிலையிலும் அதுதான் முதல் பேச்சு. வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இந்த வீட்டில்தான். அந்த அம்மா கையால் சித்தார்த் தின்ற இடியாப்பத்துக்கு அளவே இல்லை. பரவையில் இருந்த தன் வீட்டில் அவன் ஒருநாளும் ஆட்டம் வைத்ததில்லை. 'எங்கம்மாவுக்குச் சத்தம் ஆகாது மாப்ள' என்பான். அசாருதீனுக்கு அவன் வீடு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

டீயை வாங்கிக்கொண்டு சித்தார்த் மறுபடி ஆரம்பித்தான்.

"படம் வரையாம என்னடா வெட்டி முறிச்ச?"

"வீடு தேடுனேன் மாப்ள." அசாருதீன் குரலைத் தாழ்த்தினான். "அம்மாவ டயாலிசிஸுக்கு நாற்காலியில வச்சுத்தான் இந்தப் படியில எறக்குறோம். போன வாரம் கால் எடறி ரெண்டு பேருமே உருண்டுட்டோம். இன்னொரு தடவ விழுந்தா உசுரு தங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கீழ்வீடா வேணும்."

"கெடைக்கலையா?"

"வாடகை, அட்வான்ஸு பேசுற வரைக்கும் நல்லாத்தான் பேசுறாக. பேரைக் கேட்டதும், 'எங்க சொந்தக்காரவுக வாராக'ங்குறாக. போன எடமெல்லாம் அதே பாட்டு."

சித்தார்த்துக்கு முகம் சிவந்துவிட்டது. நடிப்பில்லை, நிஜமான கோபம்.

"மனுசங்களாடா இவங்க? இதத்தானடா நான் எழுதியிருக்கேன்!"

எழுதித்தான் இருந்தான். கருங்கோட்டைக்குள் நிழலர் என்ற இனத்தார் அடைக்கலம் கேட்டு வருவார்கள். அவர்களுக்கு எந்த வீடும் கதவு திறக்காது. அதை அவன் வாசித்துக் காட்டிய அன்று ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"நிழலர் கதவு தட்டுற அந்தத் தெருவப் பாத்தாலே ஆடுறவன் நெஞ்சு வெடிக்கணும்டா. நீ அத உணர்ந்து வரையணும்."

"உணர்ந்துதான் வரைஞ்சிருக்கேன். நேத்து ராத்திரிதான் முடிச்சேன்."

"அது கெடக்கட்டும். எந்த வீட்டுக்காரன்னு சொல்லு. நானே போயி நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

அசாருதீன் சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை எடுத்துத் தரையில் விரித்தான்.

சித்தார்த் மண்டி போட்டுக் குனிந்தான். கோட்டை, அகழி, கடைவீதி, எல்லாம் இருந்தது. தெரு முழுக்கச் சாத்திய கதவுகள். தெருக்கோடியில், கடைசி வீட்டுக்கு முன்னால், நிழலர் இனத்து மகன் ஒருவன் நிற்கிறான். பக்கத்தில் நாற்காலியில் கால் வீங்கிய தாய்.

"பிரமாதம்டா" என்றபடி, அந்த வீட்டு வாசலைப் பார்த்தான். அரளிச் செடி, நீலக் கேட். கேட் தூணில் பதித்திருந்த கருங்கல்லில் பொடி எழுத்தில் என்னவோ செதுக்கியிருந்தது. கண்ணைக் கிட்டே கொண்டுபோய் வாசித்தான்.

'சித்தார்த் இல்லம், பரவை.'

அவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "அசாரு... நீதான்னு எனக்கு..."

"மெதுவாப் பேசு மாப்ள" என்றான் அசாருதீன். "அம்மா ஆட்டோவுலயே இருந்துச்சு. அது ஓன் வீடுன்னு அம்மாவுக்குத் தெரியாது. டீயக் குடிச்சிட்டுப் போ."